பச்சிளங் குழந்தையின் பித்தநாள நோய்



கல்விக் கழக மேடையில் குழந்தையின் மலத்தைப் பற்றிப் பேசுவதா என்று எண்ண வேண்டா. அதன் நிறத்தை அறியாமல் ஓர் உயிரை இழந்த குடும்பம் எங்களுடையது.

என் உறவில் ஒரு பெண் குழந்தை. பிறந்து ஒரு திங்கள் கடந்தும் மேனியில் மஞ்சள் மாறவில்லை. நன்றாகப் பால் குடித்தது, எடையும் கூடிற்று. பொன்னிறம் என்று கொண்டாடினோம். பின்னர் இளவெயிலில் கிடத்தினோம்; கீழாநெல்லி புகட்டினோம்; மந்திரித்தோம். மருத்துவரிடம் சென்றது நான்காம் திங்களில். அதற்குள் கல்லீரல் இறுகிவிட்டிருந்தது.

பிறந்த சில நாள்களில் மஞ்சள் தோன்றுவது பல குழந்தைகளுக்கு இயல்பே. இரண்டு வாரம் கடந்தும் மறையாவிடில் ஐயுற வேண்டும். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் நாளம் சிதைந்து அடைபடுவதே இந்நோய். மலத்திற்கு நிறம் தருவது பித்தம். அது இறங்காதபோது மலம் சுண்ணாம்பு போலவோ வெளிறிய களிமண் போலவோ கழியும். சிறுநீரோ துணியில் மஞ்சட்கறை படியச் செய்யும். பச்சிளங் குழந்தையின் சிறுநீர் ஏறத்தாழ நிறமற்றிருப்பதே முறை. தாய் வேலைக்குச் சென்றபின் துணி அலசுபவள் பாட்டி. முதலில் கண்டுகொள்ளத் தக்கவளும் அவளே. பகலொளியில் பார்க்கட்டும். தைவானில் 2004 முதல் மலநிறங்களை அச்சிட்ட அட்டையைத் தாய்மாருக்கு வழங்கினர். குழந்தைகள் முன்னைவிட விரைவில் சிகிச்சைக்கு வந்தனர்.

அடைபட்ட நாளத்தை மருந்து திறவாது. அதனை நீக்கிக் குடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் வாயிலோடு நேரே இணைக்கும் அறுவையை ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1959இல் அறிவித்தார். 60 நாள்களுக்குள் செய்தால் பித்தம் இறங்கும் வாய்ப்பு மிகுதி. நாள் ஏற ஏற அது குறையும். செய்தும் பலருக்குப் பின்னாளில் மாற்றுக் கல்லீரல் வேண்டியிருக்கும் என்பதை மறைக்கலாகாது. இந்நோயுடன் பிறந்த காஞ்சிபுரத்துச் சிறுவன் ஒருவனுக்கு, இரண்டு வயது நிரம்புமுன், 1998இல் டில்லியில் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. அவர் வளர்ந்து மருத்துவரானார்.

கோரிமேட்டு ஜிப்மரில் குழந்தை அறுவை மருத்துவத் துறை உண்டு. நமக்குத் தடை தொலைவு அன்று. போகும் ஒரு நாட்கூலியும், அங்கே யாரிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சமுமே. படித்த இளைஞர் ஒருவர் உடன் செல்லுங்கள். இரத்தத்தில் மொத்தப் பிலிருபின் மட்டுமன்றி, 'டைரக்ட்' பிலிருபினும் பார்த்தார்களா என்று பணிவோடு கேளுங்கள். குழந்தை பிறந்த தேதியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கறை படிந்த துணியை அலசிவிடாமல் கையோடு கொண்டு செல்லுங்கள்.