கப்பலின் வடிவமும் கணிதத்தின் எதிர்நடையும்



கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அமைத்த வாவியிலே ஒரு படகு சென்றால், இரு மருங்கும் அலைகள் விரிந்து செல்கின்றன. துடுப்பு வலிப்போன் தந்த வலுவில் ஒரு பங்கே அவ்வாறு அலையாகிக் கழிகிறது. பெருங்கப்பலிலோ அப்பங்கு எரிபொருளாகவும் பணமாகவும் கழிகிறது. வேண்டும் பொருள்களிற் பெரும்பாலானவற்றைக் கப்பல்வழி பெறும் நமது தீவுக்கு இது சிறு செய்தியன்று.

அலையைக் குறைக்கும் வடிவம் யாது? வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், 1872இல், நீண்ட நீர்த்தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து விடை தேடினார். இன்று கணினி நீரோட்டத்தையும் அதன் மேலுள்ள காற்றோட்டத்தையும் ஒருங்கே கணிக்கிறது. எனினும், கப்பலின் உடலில் ஆயிரம் இடங்களைத் தனித்தனியே சிறிது மாற்றிப் பார்ப்பதாயின், ஆயிரம் முறை கணிக்க வேண்டும்.

மகாவலி கங்கையை எண்ணிப் பாருங்கள். அது பேராதனையைக் கடந்து, கண்டி நகரை வளைந்து சென்று, திருகோணமலைக்கருகே கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. முகத்துவாரத்தில் நீர் கலங்கியிருப்பின், எந்தக் கிளையாறு எவ்வளவு சேறு தந்தது? ஒவ்வோர் ஆற்றிலும் தனித்தனியே சாயம் கரைத்துக் காத்திருப்பது ஒரு வழி. முகத்துவாரத்திலிருந்து ஒரே தடவை மேல்நோக்கி நடந்து, கூடுதுறைதோறும் பங்கைக் குறித்துக்கொள்வது மற்றொரு வழி. அட்ஜாயிண்ட் என வழங்கும் கணிதமுறை இரண்டாவது வழியைச் சார்ந்தது. முன்னோக்கி ஒரு கணிப்பு, பின்னோக்கி ஒரு கணிப்பு. ஆயிரம் இடங்களின் விளைவும் தெரிந்துவிடும். பிரோனோ என்பார் 1970களில் இதனைப் பாய்பொருளோட்டத்துக்குப் பொருத்தினார். 1988இல் ஜேம்சன் விமானச் சிறகுக்குப் பயன்படுத்தினார்.

கடலில் ஒரு தடை உண்டு. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி மிக்கது. அவ்விரண்டும் சந்திக்கும் மெல்லிய எல்லையில் அடர்த்தி சட்டென மாறுவதால், பின்னோக்கிய கணிப்பு தடுமாறுகிறது. எல்லையைச் சற்று மழுப்பிக் கணித்தால் தடுமாற்றம் அடங்கும். ஆனால் அலையின் உண்மை வடிவமும் சிறிது மறையும். ஆதலால் கணித்த வடிவத்தைத் தொட்டியிலும் சோதித்தறிதல் நன்று.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. கணிதம் நாம் கேட்ட வினாவுக்கே விடை தரும். கப்பலின் அணியத்தில், நீர்மட்டத்தின் கீழே, குமிழ் போன்ற ஒரு புடைப்பு உண்டு. விரைவான செலவுக்கென வகுத்த அக்குமிழ், 2008ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் எரிபொருளைச் சேமிக்கக் கப்பல்கள் மெதுவாகச் சென்றபோது பாரமாயிற்று. பல கப்பல்களில் அதனை வெட்டி அகற்றி, வேறு குமிழ் பொருத்தினர். ஒரு வேகத்துக்கு மட்டுமன்றி, பல வேகங்களுக்கும் பல சுமைகளுக்கும் பொருந்தும் வடிவத்தைக் கேட்பதே பொறியியலாளர் கடன்.