பஞ்சணையும் பழம்பாயும்



படுக்கையைப் பாடாத தமிழ்ப் புலவர் குறைவு. ஆனால், பழசாகிப்போன படுக்கையை என்ன செய்தார்கள் என்று பாடிய புலவர் ஒருவரையும் நான் படித்த அளவிற் காணவில்லை. அந்த விடுபட்ட பக்கத்தை இன்று சற்றுப் புரட்டிப் பார்க்கலாம் என எண்ணுகின்றேன். விடயம் அற்பமானதெனச் சிலர் நினைக்கக்கூடும். வீட்டிலே பழைய மெத்தையொன்றை வைத்துக்கொண்டு அவதிப்பட்டவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையிலே, பாண்டிமாதேவியின் கட்டிலை நக்கீரர் வருணிக்கும் பகுதியைப் படிப்பிக்கும்போதெல்லாம் வகுப்பு அமைதியாகிவிடும். நாற்பது வயது நிரம்பி, போரிலே வீழ்ந்த யானையின் தந்தங்கொண்டு செய்த கட்டில், அதன்மேல் மெத்தை, அதற்கும் மேலாக, துணையோடு கூடிய அன்னங்களின் தூவி பரப்பிய அணை, எல்லாவற்றுக்கும் மேலே கஞ்சியிட்டு வெளுத்த துணி. இத்தனை இருந்தும் அரசிக்கு நித்திரை இல்லை. கணவன் பாசறையில் இருக்கின்றான். இதற்கு நேரெதிரானது புறநானூற்றின் 50ஆம் பாடல். வழிநடந்து களைத்த மோசிகீரனார், முரசு நீராட்டுக்குப் போயிருந்த வேளையில், அது வைக்கப்படும் கட்டில் என்பதறியாது அதிலே படுத்துறங்கிவிட்டார். வாளெடுக்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறி எடுத்து வீசினான். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்று நமது ஊர்களிற் சொல்வது சரிதான்.

அந்தப் புறப்பாட்டிலே ஓர் உவமை வருகின்றது. கட்டிலிற் பரப்பியிருந்த பூக்களின் மென்மைக்கு, எண்ணெயிலிருந்து முகந்த நுரையைப் புலவர் ஒப்பிடுகின்றார். இன்று நாங்கள் கடையில் வாங்கும் ஸ்பொஞ்ச் மெத்தையும் எண்ணெய் நுரைதான். உவமையாக அல்ல, உண்மையாகவே. 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயரும் அவரது குழுவினரும் உருவாக்கிய பொலியூரிதேன் என்னும் இரசாயனப் பொருளை நுரைக்கச் செய்து வெட்டியெடுப்பதே இந்த ஸ்பொஞ்ச். அதன் மூலப்பொருள்கள் பெரும்பாலும் நிலத்தடி எண்ணெயிலிருந்து வருபவை. மோசிகீரனாரின் பூநுரை மறுநாளே வாடிச் சருகாகியிருக்கும். எங்களுடைய நுரை வாடாது.

இதுதான் வேறுபாடு. பஞ்ச சயனம் என்பதற்கு உரைகாரர் தரும் பட்டியல்கள் சிறிது வேறுபடினும் அவற்றில் வருபவை பஞ்சு, மயிர், தூவி போன்றவையே. அரசியின் அணையானாலும் ஆண்டியின் பாயானாலும் போய்ச்சேரும் இடம் ஒன்று: மண்.

எங்கள் வீடுகளின் பழைய நடைமுறையை எண்ணிப்பாருங்கள். இலவம்பஞ்சு மெத்தை சில வருடங்களிற் கட்டிபட்டுப் போகும். நல்ல வெயில் நாளிலே முற்றத்திற் போட்டு, தையலைப் பிரித்து, பஞ்சை உதறிக் காயவைத்து, குறைந்ததற்குப் புதுப்பஞ்சு சேர்த்து, உறையைத் தோய்த்து மீண்டும் அடைப்பார்கள். அன்று முழுவதும் வீட்டிலே தும்மல்தான். தும்பு மெத்தை உக்கினால் தென்னையடிக்குப் போகும். பனையோலைப் பாய்க்கோ ஓய்வே இல்லை. படுக்க உதவாததிலே நெல் காயும். நெல்லுக்கு உதவாததிலே ஒடியல் காயும். அதற்கும் உதவாது கிழிந்தால், வேலியிற் கழற்றிய பழைய ஓலையோடு சேர்ந்து தோட்டத்து மண்ணுக்குட் பசளையாகப் போகும். “பழைய பாயை என்ன செய்வது?” என்றொரு கேள்வியே அக்காலத்தில் எழவில்லை. புலவர்கள் பாடாமல் விட்டதற்கும் இதுதான் காரணமோ என்னவோ.

ஆனால், பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியாது. நோயாளி கிடந்து இறந்த பாயும் துணியும் இருந்தனவே, அவற்றை யார் தொட்டார்கள்? துடக்கு என்று சொல்லி வீட்டார் விலகி நின்றார்கள். அவற்றை அகற்றும் வேலை குடிமைத் தொழில் என்ற பெயரிலே சில குடும்பங்களின் தலையிற் சுமத்தப்பட்டிருந்தது. எங்கள் முற்றம் துப்புரவானது. அது எந்த முற்றத்துக்குப் போனது என்று நாங்கள் கேட்கவில்லை. மண்ணுக்குப் போகும் பொருள்களிலேகூட, அந்தக் கடைசித் தூரத்தைச் சுமந்தவர் வேறொருவர்.

அந்தக் கேள்வி நாட்டுக்கு நாடு எழுந்த கதை ஒன்று நமது இலங்கையிலேயே நடந்தது. 2017ஆம் ஆண்டிலிருந்து பிரித்தானியாவிலிருந்து கொள்கலன்கள் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின. பத்திரங்களிலே எழுதியிருந்தவை பாவித்த மெத்தைகள், கம்பளங்கள், விரிப்புகள். மெத்தைகளிலுள்ள ஸ்பிறிங்குகளை மீட்டெடுத்து மறுபடி ஏற்றுமதி செய்வதே நோக்கமெனச் சொல்லப்பட்டது. பெருந்தொகையானவை கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. மற்றவை துறைமுகத்திலேயே கேட்பாரற்றுக் கிடந்தன. 2019இல் விடயம் வெளியே வந்தது. உள்ளே வைத்தியசாலைக் கழிவுகளும் இருந்தன எனச் சுங்க அதிகாரிகள் தெரிவித்தனர். சுற்றாடல் அமைப்பொன்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடியது. கழிவுகளைத் திருப்பியனுப்புமாறு 2020இல் நீதிமன்றம் பணித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் 21 கொள்கலன்கள் கப்பலேறின. 2022 பெப்ரவரியிலே கடைசி 45 கொள்கலன்களும் புறப்பட்டன. மொத்தம் 263 கொள்கலன்கள். ஏறக்குறைய 3,000 தொன்.

யாரோ ஒரு முதியவர் பிரித்தானியாவில் எங்கோ ஒரு நகரத்திற் கிடந்து நோயுற்ற மெத்தை அது. அவருடைய பிள்ளைகளும் வீட்டை ஒதுக்கும்போது, “அப்பாடா, போய்த் தொலைந்தது” என்றுதான் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவர்களைக் குற்றஞ்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெருமூச்சு எனக்கும் தெரியும்.

என் தாயார் கடைசிப் பதினான்கு மாதங்கள் படுத்த படுக்கையாக இருந்தார். கனடாவிலிருக்கும் தம்பி, படுக்கைப்புண் வரக்கூடாது என்று தொலைபேசியிலேயே கடைக்காரரோடு பேசி, தடித்த ஸ்பொஞ்ச் மெத்தை ஒன்றை வாங்கி அனுப்பினான். அந்த மெத்தையை நான் பழித்துப் பேசினால் அது நன்றியன்று. அம்மாவின் முதுகிலே ஒரு புண் வரவில்லை. ஆனால், அவர் போன பின்பு அது விறாந்தைச் சுவரிலே சாய்ந்தபடி நின்றது. ஈரம் ஊறிய ஸ்பொஞ்சைத் தோய்க்கவும் முடியாது. நடுவிலே காயவைக்கவும் முடியாது. வெட்டித் தாழ்த்தினால் உக்காது. கொளுத்தினால் அந்தப் புகையிலே காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் இருக்கும் என்று எங்கள் கல்லூரி இரசாயனவியல் ஆசிரியர் எச்சரித்தார். குப்பை ஏற்றும் உழவுயந்திரத்திலே வந்த தொழிலாளி ஒரு பார்வை பார்த்தார்.

“மாஸ்ரர், இதை ஏத்த மாட்டம். பெட்டியிலை பாதியை இதுவே பிடிச்சிடும். பிறகு மற்ற வீட்டுக் குப்பையை எங்கை போடுறது?”

நியாயமான கேள்வி. “பக்கத்து வெறும்வளவுக்குள்ளை எறிஞ்சுவிடுங்கோ, ஆர் கேக்கப்போகினம்?” என்று அயலவர் ஒருவர் வழி சொன்னார். வெளிநாடு போனவர்களின் வளவுகள் எங்கள் ஊரிலே இப்படித்தான் நிரம்புகின்றன. மழைக்காலத்திலே மெத்தை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மடிந்த மேலுறையிற் குட்டையாய் நிற்கும் நீரிலே நுளம்பு பெருகும். டெங்கு வந்தால் வளவுக்காரருக்கு அல்ல, எங்கள் பிள்ளைகளுக்கு. குப்பைமேட்டுக்குப் போனால் மட்டும் கதை முடிந்துவிடுமா? 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, மீத்தொட்டமுல்லையில் அப்படியொரு மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. அந்த மேட்டை அங்கே வாழ்ந்த மக்கள் தனியாகக் கட்டியெழுப்பவில்லை. அதிலே கொட்டப்பட்டது கொழும்பு மாநகரின் குப்பை.

கடைசியிலே நானும் மனைவியுமாக ஒரு சனிக்கிழமை இறைச்சிக் கத்தியால் மெத்தையைக் கூறுபோட்டோம். ஓரங்களிலே இருந்த பழுதில்லாத துண்டுகளை ஓட்டோ இருக்கை தைக்கும் குஷன் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். மேலுறையின் நல்ல பாகம் துவைக்கப்பட்டு நிலந்துடைக்கும் துணியாயிற்று. நடுப்பகுதி இரண்டு உரப்பைகளில் அடங்கியது. அதை அந்தத் தொழிலாளி முகஞ்சுளிக்காமல் ஏற்றினார். கையுறை ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். மெத்தையைக் கூறுபோடும்போது மனைவி அழுதாள். நான் கத்தியைத் தீட்டுகிற சாட்டிலே கிணற்றடிக்குப் போனேன்.

அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்திலும் கலிபோர்னியாவிலும் 2013இலே சட்டம் இயற்றி, புதிய மெத்தை விற்கும்போதே அதனைப் பின்னர் பிரித்தெடுப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்து அறவிடுகின்றார்கள். வாங்கும் நாளிலேயே கழிக்கும் நாளுக்கும் காசு வைக்கும் ஏற்பாடு. நமது கடைகளிலே மெத்தைக்குப் பத்து வருட உத்தரவாதம் தருகின்றார்கள். பதினோராவது வருடத்தைப் பற்றிக் கேட்டால் சிரிக்கின்றார்கள். நான் கேட்டுப் பார்த்தேன். இலவம்பஞ்சு இன்னும் கிடைக்கின்றது, தும்பு மெத்தை இந்த நாட்டிலேயே செய்கின்றார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். முதுகு இடந்தருமானால் அவையே எனது தெரிவு.

இன்னொன்று. அம்மாவின் அந்தியேட்டிக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது, சயன தானத்துக்கு மெத்தையும் தலையணையும் என்று எழுதிக்கொண்டு குருக்களிடம் போனேன். வயதானவர். பட்டியலைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலிலே சொன்னார்: “மாஸ்ரர், குறை நினைக்காதேங்கோ. இப்ப எல்லாரும் மெத்தைதான் தருகினம். வீட்டிலை ஏழு கிடக்குது. விக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. ஒரு பன்பாய் தந்தாற் போதும்.”

31ஆம் நாள் கிரியை முடிந்ததும், புதுப் பன்பாயைச் சுருட்டிச் சைக்கிள் கரியரிலே கட்டிக்கொண்டு அவர் படலையைக் கடந்து போனார்.