ஓய்வூதிய நிதியும் மாற்று முதலீடுகளும்

 

நம் பாட்டன்மார்க்குக் கூலி உண்டு, ஓய்வூதியம் இல்லை. கல்வியாலும் இட ஒதுக்கீட்டாலும் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் நுழைந்த தலைமுறைக்கே முதுமைக்கு ஒரு பிடிமானம் கிட்டிற்று. ஓய்வூதியம் கொடையன்று, உரிமையே என்று 1982ஆம் ஆண்டு நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமைப் பணமாயின், அஃது எங்கே முதலீடு செய்யப்படுகிறது என்று கேட்பதும் நம் உரிமையே.

அரசுக் கடன் பத்திரம், நிறுவனக் கடன் பத்திரம், பங்கு ஆகியவை பழகிய வழிகள். சாலை, மின்தொடர், வணிக வளாகம் ஆகியவற்றின் வருவாயைப் பங்கிட்டளிக்கும் முதலீட்டு அறக்கட்டளைகளையும், தனியார் நிதியங்களையும் மாற்று முதலீடுகள் என்பர். தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் 2016ஆம் ஆண்டு இவற்றுக்கெனத் தனிப் பிரிவு, 5 விழுக்காடு என்னும் உச்ச வரம்புடன் ஏற்பட்டது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுவும் 2021 நவம்பரில் பொதுத்துறை சார்ந்த உள்கட்டமைப்பு அறக்கட்டளைகளுக்கு வழி திறந்தது.

இதில் நன்மை உண்டு. ஓய்வூதியப் பணம் 30 ஆண்டுகள் காத்திருக்க வல்லது. சாலையின் சுங்க வருவாயும் நீண்ட காலத்தது. ஆனால் தனியார் நிதியத்தில் இட்ட பணத்தை நினைத்த நாளில் மீட்க இயலாது. அதற்கு அன்றாடச் சந்தை விலையும் இல்லை.

விற்க இயலாச் சொத்தின் துன்பம் இச்செட்டிநாட்டு மண் அறிந்ததே. 1930ஆம் ஆண்டையொட்டி நெல் விலை வீழ்ந்தபோது, பர்மாவில் நகரத்தார் அளித்த கடனுக்குப் பணத்துக்கு மாறாக நிலமே வந்தது. 1938க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் காற்பங்கு நிலம் அவர்கள் வசமாயிற்று. 1942இல் போர் வந்தது. 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. ஏட்டிலிருந்த செல்வம் கைக்கு வரவில்லை. பெருவணிகரையே உலுக்கிய இழப்பை, ஓய்வூதியம் ஒன்றையே நம்பும் குடும்பம் தாங்குமா?

தரச்சான்றும் முழுக் காவலாகாது. உயர்ந்த தரமதிப்பீடு பெற்றிருந்த ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் 2018இல் கடனைத் திருப்ப இயலாது தவித்தபோது, வைப்பு நிதிகளின் பணமும் அதில் சிக்கிற்று.

ஆகவே மாற்று முதலீடு வேண்டா என்பதன்று என் கருத்து. அது சிறு பங்காக இருக்கட்டும். மதிப்பிடுவோர் விற்போரின் சார்பற்றவராக இருக்கட்டும். கணக்கு ஒளிவின்றி வெளிவரட்டும்.

இளைஞர்களே! அண்ணல் அம்பேத்கர் 1923இலேயே ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து நூல் வெளியிட்டவர். நிதித்துறை நமக்கு எட்டாதது என்று எண்ணுவது அவர் வழி வந்தோர்க்கு அழகன்று. கணக்கியல் பயிலுங்கள், அறங்காவலர் இருக்கைகளில் அமருங்கள். அதற்கு முன்னர், இன்றே, ஒப்பந்தத் தொழிலாளியாக உழைக்கும் உங்கள் பெற்றோரின் வைப்பு நிதிக் கணக்கைப் பாருங்கள்; ஊதியத்தில் பிடித்த தொகை மாதந்தோறும் வரவாகியிருக்கிறதா என்று சரிபாருங்கள். வரவாகாத பணத்துக்கு எந்த முதலீடும் வட்டி தராது.