மிஸ்ஸி வேலையில் எத்தனை பிரிவு? நம் பிள்ளைகளுக்கு எந்த வழி?

(கேகாலை மாவட்டத் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் மாதர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



"என் மகளை மிஸ்ஸியாக்கணும், என்ன செய்யணும்?" என்று சங்கக் காரியாலயத்துக்கு வந்து கேட்கிற தாய்மார் நிறையப் பேர். எந்த மிஸ்ஸி என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை. 1872ஆம் ஆண்டு வைத்தியத் தேவைகள் சட்டம் வந்த காலம் முதல் தோட்டத்து வைத்தியம் தனி வாய்க்காலில்தான் ஓடியது. டிஸ்பென்சரியில் ஒரு டாக்டரையா, கூட ஒரு மருத்துவிச்சி. பிரசவம் பார்ப்பதும், புண்ணுக்கு மருந்து கட்டுவதும், பிள்ளை மடுவத்தை எட்டிப் பார்ப்பதும் அந்த அம்மாதான். அதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, வெள்ளை உடுப்புப் போட்ட எல்லாரும் ஒரே மிஸ்ஸிதான்.

கேகாலை போதனா வைத்தியசாலைக்கோ கரவனெல்லை ஆதார வைத்தியசாலைக்கோ போய் நிதானமாகப் பார்த்தால் வேறு கதை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் டாக்டர் கை நீட்டுமுன் கருவியை எடுத்துக் கொடுப்பவர் ஒரு தாதி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியின் மூச்சையும் மெஷினையும் ராப்பகலாகப் பார்ப்பவர் இன்னொருவர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில், ஒரு தடவைக்கு சுமார் 4 மணி நேரம், மெஷினோடு நிற்பவர் வேறொருவர். குறைமாதப் பிள்ளைகளைப் பார்ப்பவர், வார்டுக்கு வார்டு தொற்றுப் பரவாமல் கண்காணிப்பவர் என்று இன்னும் இருக்கிறார்கள். கொரோனா வந்த 2020க்குப் பிறகுதான் அந்தத் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி யாரென்றே பலருக்குத் தெரிந்தது. இவர்களில் ஆண்களும் உண்டு, தம்பிமாரே. இது பொம்பளைப் பிள்ளைகள் வேலை என்று ஒதுங்க வேண்டாம்.

இந்தப் பிரிவுகளில் யார் வேலை செய்தாலும் நமக்கு நல்லதுதான். சிங்களத் தாதி மாட்டிவிட்ட சேலைன் தமிழ் உடம்பில் ஏறாமல் போகாது. ஆனால் சில பிரிவுகளில் பேச்சே மருந்து. அங்கேதான் நம் பிள்ளைகள் வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம்.

சீனி வியாதியை எடுத்துக்கொள்வோம். பெரிய ஆஸ்பத்திரிகளில் நீரிழிவு பற்றி நோயாளிக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே பயிற்சி பெற்ற தாதியர் உண்டு. நம்ம ஆள் விடியற்காலை இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, வெறும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, பால்வெட்டக் கத்தியோடு மலை ஏறுகிறார். ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். சாப்பிடாமல் மரத்துக்கு மரம் நடந்தால் சீனி சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், சில பேர் மலையிலேயே விழுந்துவிடுவார்கள். "அண்ணே, எத்தனை மணிக்கு மரத்துக்குப் போறீங்க? எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க? லயத்துல பிரிட்ஜ் இருக்கா, ஊசி மருந்தை எங்க வைக்கிறீங்க?" என்று கேட்க, கேட்பவருக்குத் தமிழும் தெரிய வேண்டும், பால்வெட்டும் தெரிய வேண்டும். இந்த இரண்டும் தெரிந்த பிள்ளை எங்கே இருக்கிறாள்? இந்த மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அதைவிடப் பெரியது உளநலம். மனம் உடைந்துபோன ஒரு தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் போதாது. சிங்களம் பேசும் 10 வயது மகன் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறான். "சாகணும்னு தோணுதா?" என்ற கேள்வியை அந்தப் பிள்ளை வாயால் அம்மாவிடம் கேட்க வைப்பதா? எந்தத் தாய் அதற்கு உண்மை சொல்வாள்? 2016 மே 17ஆம் தேதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. புளத்கொஹுபிட்டியவில் மண் மூடியது தோட்டத்து லயத்தை. மழை அடித்தால் இன்னமும் கண் மூடாதவர்கள் நமக்குள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களின் வீடு தேடிப்போய்ப் பேசுகிற வேலைக்குச் சமூக உளநலத் தாதி என்று பெயர். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் தமிழ் வார்டுக்குள் வர, ஆள் வேண்டும்.

மருத்துவிச்சி, அதாவது இன்றைய குடும்ப சுகாதார உத்தியோகத்தர், தாதி அல்ல. அது வேறு பயிற்சி, வேறு சேவை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த உத்தியோகத்தர்களை மேற்பார்வை செய்கிற பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரிதான் தாதியாக இருந்து மேற்பயிற்சி பெற்று வந்தவர்.

சரி, வழி என்ன? எந்தப் பிரிவானாலும் வாசல் ஒன்று. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தி, பிறகு அரசாங்கத் தாதியர் கல்லூரியில் 3 ஆண்டுப் பயிற்சி. பக்கத்தில் இரத்தினபுரியிலேயே கல்லூரி இருக்கிறது; யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உண்டு. பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவு கிடைக்கும். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும், ஆகவே ஆங்கிலத்தை இப்போதே பிடியுங்கள். நல்ல புள்ளி எடுத்தால் யாழ்ப்பாணம், கிழக்கு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டமே படிக்கலாம். நாம் பேசிய பிரிவுகளுக்குப் போவது வேலையில் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் அங்கேயே பெறும் மேற்பயிற்சியால்.

இங்கேதான் நமக்கு அடி விழுகிறது. நம் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகள் பல சாதாரண தரத்தோடு நின்றுவிடுகின்றன. உயர்தரம் இருந்தாலும் பெரும்பாலும் கலைப் பிரிவு. கெட்டிக்காரப் பிள்ளை உயிரியல் படிக்க வேண்டுமென்றால் வீட்டைவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போய் போர்டிங்கில் தங்க வேண்டும். நாட்சம்பளத்தில் அது எத்தனை பேருக்கு முடியும்? சம்பளப் பேச்சுவார்த்தை மேசைக்கு எவ்வளவு பாரத்தோடு போகிறோமோ, அதே பாரத்தோடு விஞ்ஞான ஆசிரியர் கேட்டு மாகாணக் கல்வி அமைச்சுக்கும் போக வேண்டும் என்பது எங்கள் பிரிவின் நிலைப்பாடு. சங்கத்துக்கு இது சின்ன வேலை என்று நினைப்பவர்களோடு நாங்கள் உடன்படவில்லை.

இந்த ஓட்டையில்தான் டவுனில் போர்டு தொங்குகிறது: "ஆறே மாதத்தில் நர்சிங்!" நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். ஆறு மாதப் படிப்பால் யாரும் பதிவுபெற்ற தாதி ஆக முடியாது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி தாதியர் சபை இருக்கிறது. அதில் பதிவு இருந்தால்தான் தாதி. பராமரிப்பாளர் பயிற்சி என்று ஒன்று உண்டு, அது கேவலமான வேலை இல்லை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு படித்தால் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வேலை கிடைக்கும். ஆனால் அதை நர்சிங் என்று சொல்லி விற்பது ஏமாற்று. காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "தாதியர் சபையில் பதிவு கிடைக்குமா? உங்கள் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா?" எழுத்தில் பதில் தராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

தாதியர் பயிற்சிக்கான அறிவித்தல் வர்த்தமானியில் வரும்போது தமிழ்ப் பிரதியைத் தலைவர்மார் தோட்டக் கமிட்டிப் பலகையில் ஒட்ட வேண்டும். விஞ்ஞானப் பிரிவு படிக்க விரும்பும் பிள்ளைகள், கூட்டம் முடிந்ததும் வாசலருகே இருக்கும் அக்காவிடம் பெயரையும் தோட்டத்தையும் டிவிஷனையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். மாகாண அமைச்சுக்குப் போகும் மனுவோடு அந்தப் பட்டியலும் போகும்.