ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு காமிரா
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியம் பேச வல்ல பெருமக்கள் பலர் இவ்வவையில் வீற்றிருக்க, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் எழுத்தனாகிய என்னைக் காமிராவைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். சென்ற பொங்கல் விழாவன்று இம்மன்றத்தின் முன்னே கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நான் நின்றதைக் கண்டவர்கள் பலர். அன்று முதல் நம் காலனி இளைஞர்கள் இருவர், "எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும், கையில் பணம் அதிகமில்லை, எதை வாங்குவது?" என்று கேட்டு வருகின்றனர். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

இக்காமிராவுக்கு மோனோரெயில் காமிரா என்று பெயர். அப்பெயரைக் கேட்ட பெரியவர் ஒருவர், "ரயில்வேக்காரன் காமிராவைக்கூடத் தண்டவாளத்தில்தான் ஓட்டுவான் போலும்!" என்றார். அவர் சொன்னதில் பெரும் பிழையில்லை. சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்திற்குச் சென்றவர்கள், பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டியைப் பார்த்திருப்பீர்கள். பாரத்தின் பெரும்பகுதியை ஒரே தண்டவாளம் தாங்கும். சாயாமலிருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருண்டு வரும். நம் காமிராவும் அத்தகையதே. ஓர் உலோகத் தண்டு. அதன்மேல் நகரும் இரண்டு சட்டங்கள். முன் சட்டத்தில் லென்ஸ். பின் சட்டத்தில் மங்கலாகத் தேய்த்த கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே கொல்லன் உலைத் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக ஒரு துருத்தி. அவ்வளவுதான். கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். அதை முதலில் கண்ட என் மகள், "அப்பா, தாத்தா கவிழ்ந்து நிற்கிறார்!" என்று கூவியது இன்னும் என் காதில் இருக்கிறது.

கைப்பேசியிலேயே படம் எடுக்கும் இந்நாளில் இது எதற்கு என்று கேட்பீர்கள். இம்மன்றத்துச் சுவரில் தொங்கும் பழைய குழுப்படங்களைச் சற்று உற்று நோக்குங்கள். அவற்றில் கடைசி வரிசையில் நிற்பவருடைய சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். கடந்த சில ஆண்டுகளாக நாம் எடுத்த குழுப்படங்கள் எங்கே? கைப்பேசி மாறியபோது அவையும் போயின. எஞ்சியவற்றை அச்சிட்டாலோ முகங்கள் கரைந்து நிற்கின்றன. நான்குக்கு ஐந்து அங்குல பிலிம் தாளில் விழும் படம், பழைய சுருள் பிலிம் காமிராவின் படத்தைப் போலப் பரப்பில் பதின்மூன்று மடங்கு இருக்கும். அதன்மேல் தாளை வைத்து ஒளி காட்டினாலே சிறிய படம் ஒன்று கிடைத்துவிடும்.

மற்றொரு சிறப்பும் உண்டு. நம் காலனித் தண்ணீர்த் தொட்டியைக் கைப்பேசியில் எடுக்க முயன்றவர்கள் அறிவார்கள்: அண்ணாந்து பிடித்தால் தொட்டி மல்லாந்து விழுவதுபோல் படம் வரும். இக்காமிராவில் தண்டை மட்டமாக வைத்து, லென்ஸ் சட்டத்தை மட்டும் மேலே உயர்த்தினால் போதும். தொட்டி தூணைப்போல் நேராக நிற்கும். வரிசை வரிசையாக உயர்ந்து அமர்ந்திருக்கும் கூட்டத்தை எடுக்கையில் லென்ஸைச் சற்று முன்னே சாய்த்தால், தரையில் அமர்ந்த குழந்தை முதல் பெஞ்சின் மேல் நிற்கும் பெரியவர் வரை எல்லோரும் தெளிவாக விழுவர். இவ்விதியைப் பிரெஞ்சுக்காரரான கார்பெந்தியே முன்பே கண்டிருந்தார். எனினும், 1904-இல் காப்புரிமை பெற்று இதை விரித்துரைத்த ஆஸ்திரியப் படை அதிகாரி ஷைம்ப்ஃளூக் என்பவர் பெயராலேயே அது வழங்குகிறது. வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலப்படம் வரைவதற்காக அவர் ஆராய்ந்தது, நம் சங்கத்துக் குழுப்படத்திற்கும் உதவுகிறது.

இனி என் கதை. நான் மாதம் 3,000 ரூபாய் வீதம் பதினான்கு மாதம் ஒதுக்கி 42,000 ரூபாய் சேர்த்தேன். வெளியூர் வியாபாரி ஒருவர் பற்சக்கரம் பொருத்திய பெரிய காமிரா ஒன்றைக் காட்டினார். குமிழைத் திருகினால் சட்டம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது; அதன் அழகில் மயங்கிவிட்டேன். 30,000 ரூபாய் அதற்கே போயிற்று. மீதியில் ஒரு லென்ஸும் இரண்டு ஹோல்டர்களும் வாங்கினேன். ஹோல்டர் என்பது பிலிம் தாளை வெளிச்சம் படாமல் வைத்திருக்கும் தட்டையான உறை. ஒன்றில் இரண்டு தாள் கொள்ளும். ஆக, என் கையில் இருந்தவை நான்கே தாள்கள்.

அப்போது எங்கள் அடுத்த குவார்ட்டர்ஸில் ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் மகனோடு குடியிருந்தார். நீராவி எஞ்சின் காலத்தில் கரி அள்ளிப் போடத் தொடங்கி மின்சார எஞ்சினோடு பணி முடித்தவர். மகனுக்கு மாற்றல் வந்து, குடும்பமே ஊர் திரும்ப இருந்தது. அவரை வாசற்படியில் அமர்த்தி நான்கு தாளையும் எடுத்தேன். வெள்ளை வேட்டி கட்டி, பழைய விசிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் மூச்சை அடக்கி அமர்ந்திருந்தார். அன்றிரவு கழுவிப் பார்த்தால் நான்கிலும் புகைமூட்டம். நெஞ்சுப் பகுதியில் கரும்பட்டை, முகமே தெரியவில்லை.

காரணத்தை மறுநாள்தான் கண்டேன். இருட்டறையில் துருத்திக்குள் டார்ச் விளக்கை வைத்துப் பார்த்தபோது, மடிப்பின் மூலைகளிலெல்லாம் விண்மீன்கள் பூத்தன; அத்தனையும் ஊசித் துளைகள். கறுப்பு நாடா ஒட்டினேன். விறைத்துப்போய் அடுத்த மடிப்பில் கிழிந்தது. அந்த மாதிரிக்கு மாற்றுத் துருத்தி இங்கே கிடைக்கவில்லை. ஷட்டரும் ஒரு விநாடி என்று வைத்தால் இரண்டு விநாடி திறந்திருந்தது. இவற்றைச் சரிசெய்யப் பணமில்லை. டிரைவர் ஊருக்குப் போய்விட்டார். அவ்வாண்டு ஆடி மாதம் அவர் காலமானார். அவருடைய மகன், "நீங்கள் எடுத்த படத்தை அனுப்பினால் பெரிதுபடுத்தி மாட்டுவோம்" என்று எழுதியிருந்தார். அக்கடிதத்திற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

இளைஞர்களே, இதனால்தான் சொல்லுகிறேன். பணத்தைக் காமிராவின்மேல் கொட்டாதீர்கள். படத்தை வரைவது லென்ஸ், ஏற்பது பிலிம், நடுவில் உள்ளது இருட்டு. இருட்டு ஒழுகாமல், சட்டங்கள் அசையாமல் இருந்தால் காமிரா தன் கடமையைச் செய்துவிட்டது. கையிருப்பை மூன்றாகப் பங்கிட்டு, ஒரு பங்குக்கு மேல் காமிராவுக்குக் கொடாதீர்கள். ஒரு பங்கு லென்ஸுக்கு. மூன்றாம் பங்கு ஹோல்டர், முக்காலி, பிலிம், மருந்து ஆகியவற்றுக்கு. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் சுங்க வரியையும் அஞ்சற் கூலியையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கு வாசலுக்கு வந்த பிறகு கணக்குப் பார்ப்பது எங்கள் அலுவலகத்தில்கூட நடவாது.

எதை வாங்குவது? டிஜிட்டல் காமிரா வந்த பிறகு உலகெங்கும் ஸ்டூடியோக்கள் இவற்றைக் கழித்துவிட்டன; ஆகவே பழையவை குறைந்த விலைக்கு வருகின்றன. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறத்தக்க காமிராக்களுக்கே இன்று கிராக்கி. மலையேறுவோர் அவற்றை நாடட்டும். நம் ஆலப்புழையில் செய்த வாகீசுவரி மரக் காமிராவும் தேடினால் கிடைக்கும். மன்றத்திலும் வாசலிலும் படமெடுக்கும் நமக்குத் தண்டுக் காமிராவே ஏற்றது.

சுவிட்சர்லாந்தின் சைனார், ஹாலந்தின் காம்போ, ஜப்பானின் டோயோ ஆகிய மூன்றும் பரவலாகப் புழங்கியவை. துருத்தியைக் கழற்றி மாற்றலாம். உறுப்புகள் தனித்தனியே கிடைக்கும். சைனாரில் எஃப் என்ற எளிய வகை போதும். பி என்ற வகை பற்சக்கரங்களோடு கண்ணைப் பறிக்கும். ஆனால் அதைத் தூக்க ஓர் ஆளும், தாங்க ஒரு பெரிய முக்காலியும் வேண்டும். சைனார் வாங்குவோர் தண்டை முக்காலியில் பொருத்தும் பிடி உடன் வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது இல்லாமல் விற்பனைக்கு வருபவை உண்டு. பிடியில்லாத காமிரா சக்கரமில்லாத வண்டி.

நான் முதற் காமிராவைத் துளை இருப்பதைச் சொல்லியே பாதி விலைக்கு விற்றேன். மேலும் ஓராண்டு சேர்த்து, பழைய காம்போ ஒன்றை 13,000 ரூபாய்க்கு வாங்கினேன். பார்வைக்குக் குழாய்க்கடைச் சரக்குப்போல் இருக்கும். அதில் நான் கண்ட நன்மை, லென்ஸ் பொருத்தும் பலகை பெரிய சதுரமாக இருப்பது. வாங்கப் போனால் விலை அதிகம். நம் காலனித் தச்சரோ ஒட்டுப்பலகையில் செய்து, ஓரத்தை இழைத்துக் கறுப்பு வண்ணம் பூசிக் கொடுத்துவிட்டார். துளையின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோப்பல் 0 எண் ஷட்டருக்குச் சுமார் 35 மில்லிமீட்டர், 1 எண்ணுக்கு 42, 3 எண்ணுக்கு 65.

வாங்குமுன் துருத்தியை முழுதும் நீட்டி, இருட்டில் டார்ச் வைத்து மூலை மூலையாகப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சட்டங்களை இறுக்கிவிட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். பின்சட்டம் பொதுவான நான்குக்கு ஐந்து ஹோல்டரை ஏற்கிறதா என்று ஒன்றைச் செருகியே சோதியுங்கள்.

லென்ஸ் 150 மில்லிமீட்டர், எஃப் 5.6. ஷ்னைடர், ரோடன்ஸ்டாக், நிக்கான், ஃபூஜி என்ற நால்வர் செய்ததில் எதுவாயினும் சரி. எது சிறந்தது என்ற வாதத்தை ஓய்வு பெற்ற பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒரு விநாடி, அரை விநாடி என்று வைத்து ஷட்டரைக் காதருகில் ஓடவிட்டுக் கேளுங்கள். இழுத்து இழுத்து ஓடினால் பழுதுபார்க்கும் கூலியைக் குறைத்துக் கேளுங்கள். லென்ஸை ஒளிக்கு எதிரே பிடித்துச் சிலந்தி நூல் போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். டில்லியில் ஆவணி மாத ஈரம் லென்ஸுக்குப் பகை. 90 மில்லிமீட்டர் அகல லென்ஸில் இப்போது ஆசை வையாதீர்கள். அதற்குத் தனியே பைபோன்ற துருத்தியும் தேடவேண்டி வரும்.

பிலிம்தான் தீராச் செலவு. இல்ஃபோர்டு, ஃபோமா தாள்கள் நல்லவை. ஆனால் பழகும் காலத்தில் அவற்றை வீணடிக்க மனம் வராது. நான் எக்ஸ்ரே பிலிமில் பழகினேன். எட்டுக்குப் பத்து அங்குலத் தாள் ஒன்றை வெட்டினால் நான்கு துண்டுகள். ஹோல்டரில் நுழைய ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். இரு பக்கமும் மருந்து பூசியதாகையால் நகம் பட்டாலே கீறும். சிவப்பு விளக்கின் கீழேயே வெட்டலாம், கழுவலாம். குழந்தைகள் உறங்கிய பின் எங்கள் வீட்டுக் குளியலறைதான் இருட்டறை. ஆனால் சிவப்பு ஒளியை இப்பிலிம் உணராது. ஆகவே குங்குமம் கரிப்பொட்டாக விழும், உதடு கறுக்கும், முகம் ஒரு நிறம் கூடுதலாகக் கறுத்திருக்கும். என் இல்லத்தரசி தம் முதற்படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன் பின்பு மனிதர்களுக்கு நல்ல பிலிம், தண்ணீர்த் தொட்டிக்கு எக்ஸ்ரே பிலிம் என்று வகுத்துக்கொண்டேன்.

நம் காலனியின் பழைய குவார்ட்டர்ஸ்களை வரிசையாக இடித்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தொன்பது வீட்டாரை அவரவர் வாசலில் இதுவரை எடுத்திருக்கிறேன். மேற்கு வரிசையில் இன்னும் பதினோரு வீடுகள் உள்ளன. நாளை ஞாயிறு காலை ஏழு மணிக்கு அங்கே முக்காலியை நிறுத்துவேன். பெரியவர்களை முதலில் அழைத்து வாருங்கள். வெயில் ஏறினால் கண் கூசும். குழந்தைகளுக்கு ஒரு விநாடி அசையாதிருக்க இன்றே பழக்கிவையுங்கள். கேள்வி கேட்ட இளைஞர்கள் இருவரும் ஆறரைக்கே வந்தால் ஹோல்டர்களைத் தூக்க எனக்கு உதவியாயிருக்கும். துணிக்குள் தலையை விட்டும் பார்க்கலாம்.