கொட்டில் மாடுகளுக்கு வரும் வால் புண்



இறைச்சிக்காகக் கொட்டிலில் கட்டி வளர்க்கும் எருமைக் கடாக்கன்றுகளின் வாலைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். "வாலில் புண்தானே, தானாக ஆறிவிடும்" என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்லி மூன்று வாரம் விட்டுவைத்த ஓர் அன்பரின் கொட்டிலுக்கு நான் போனபோது, கன்றின் பின்கால்கள் இரண்டும் செயலற்றுக் கிடந்தன.

வாலுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு? வால் நுனியில் நுழையும் சீழ்க் கிருமிகள் மேலேறி முதுகுத்தண்டை எட்டிவிடும். இரத்தத்தின் வழியே நுரையீரலுக்கும் மூட்டுகளுக்கும் பரவும். கன்று உயிர் தப்பினாலும், சீழ் பிடித்த பாகம் இறைச்சிக்கூடத்தில் கழிக்கப்படும். நட்டம் உங்களுக்குத்தான்.

புண் எப்படி வருகிறது? பெரும்பாலும் நெருக்கடியால். ஒரு கன்று படுத்திருக்கும்போது பக்கத்துக் கன்று அதன் வாலை மிதித்துவிடும். சாணம் கீழே விழும்படி இடைவெளி விட்ட சிமெண்டுத் தளங்களில் கனத்த காளைகளை வளர்க்கும் ஐரோப்பிய நாடுகளில் இது பெருந்தொல்லை. நம் ஊர்ச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையும் இதற்குச் சளைத்ததல்ல. எனவே ஒரு கன்று கால் நீட்டிப் படுத்தாலும் அடுத்ததன் காலடிக்கு வால் எட்டாதவாறு இடம் விட்டுக் கட்டுங்கள். உலர்ந்த படுக்கை போடுங்கள். குளிப்பாட்டும்போது வால் குஞ்சத்தை விலக்கிப் பாருங்கள். முடி உதிர்வும் வீக்கமும்தான் முதல் அறிகுறி.

இன்னொரு காரணமும் உண்டு. வாலோடு காது நுனியும் காய்ந்து கறுத்து, குளம்பருகே புண்ணும் கண்டு, ஒரே கொட்டிலில் பல மாடுகளுக்கு இவ்வாறு வந்தால் மிதிபட்ட காயம் என்று எண்ணாதீர்கள். வைக்கோற்போரைப் பிரித்துப் பாருங்கள். பூஞ்சாணம் பிடித்த வைக்கோலின் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உடலின் கடைக்கோடிகளை அழுகச் செய்கிறது. வடமாநிலங்களில் குளிர்காலத்தில் எருமைகளைத் தாக்கும் தேக்நாலா நோய் இத்தகையதே. மழையில் நனைந்த வைக்கோலைச் சரியாக உலர்த்தாமல் போர் போடுவதே வினை.

புண் கண்டவுடன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கறுத்துக் குளிர்ந்துபோன வால் மீண்டும் உயிர் பெறாது. உணர்விழக்க ஊசி போட்டு, நல்ல சதை உள்ள இடத்தில் அவர் வெட்டிவிடுவார். நீங்களே அரிவாளை எடுக்க வேண்டாம். கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

பூசண வைக்கோலை வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. அதைப் படுக்கையாகவும் போடாதீர்கள், மாடு அதையும் தின்னும். எருக்குழியில் தள்ளிவிடுங்கள்.