பெற்றோர் வருமுன் பிறந்த பிள்ளை
(திருச்சியில் கணினி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பதினொன்றாம் வகுப்பில் மரபுரிமத்தை சி++ வழியே நடத்துகிறோம். அடிப்படை இனக்குழுவை வரையறுக்காமல் தருவிக்கப்பட்ட இனக்குழுவை எழுதினால், நிரல்பெயர்ப்பியே தடுத்துவிடும். பாடநூலைத் தாண்டி, இணையச் செயலி செய்யும் ஆசையில் டைப்ஸ்கிரிப்ட் பழகும் மாணவருக்கு நடப்பது வேறு. பெயர்க்கும்போது ஒரு பிழையும் வராது. இயக்கியதும் சிவப்பு எழுத்தில் ‘கிளாஸ் எக்ஸ்டெண்ட்ஸ் வேல்யூ அன்டிஃபைன்ட்’ என்று வந்து நிற்கும். “நேற்று ஓடியது சார், ஒரு வரிதான் சேர்த்தேன்” என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், தரவு வகைகளைச் சரிபார்த்து, பிறகு அவற்றை நீக்கிவிட்டு ஜாவாஸ்கிரிப்டைத் தருகிறது. எந்தக் கோப்பு முதலில் ஏறும் என்பதை அது சோதிப்பதில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். ‘வாகனம்’ ஒரு கோப்பு. அதிலிருந்து தருவித்த ‘நகரப்பேருந்து’ இன்னொரு கோப்பு. பிள்ளை தாயை இறக்குமதி செய்வது இயல்பு. தாய்க்குள் இருக்கும் ஒரு செயற்கூறு புதிய நகரப்பேருந்தை உருவாக்க வேண்டியிருந்தால், தாயும் பிள்ளையை இறக்குமதி செய்யும். வட்டம் விழுந்துவிட்டது.

காமன்ஜேஎஸ் முறையில் இதை இயக்குவோம். முதன்மைக் கோப்பு பிள்ளையை முதலில் அழைத்தால், தாய் முழுமையாக உருவான பிறகே பிள்ளை உருவாகும், நிரல் ஓடும். தாயை முதலில் அழைத்தால், தாய் பாதியில் நிற்க, பிள்ளை தொடங்கிவிடும். அப்போது தாயின் இடத்தில் ஒன்றுமில்லை. மாணவர் சேர்த்த ஒரு வரி இந்த வரிசையை மாற்றியிருக்கும்.

தீர்வு எளிது. உருவாக்கும் செயற்கூறை மூன்றாவது கோப்புக்கு மாற்றினால், தாய் பிள்ளையை அழைக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பெயர் தரவு வகையாக மட்டும் தேவையென்றால் ‘இம்போர்ட் டைப்’ போதும். பெயர்க்கும்போது அது நீங்கிவிடும்.

ஆய்வகத்தில் இப்பிழை வந்தால், விசைப்பலகையை நாம் வாங்கித் திருத்த வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்போம்: பிழை எந்தக் கோப்பில், எந்த வரியில்? அங்கே தாய் இனக்குழு எது? அந்தத் தாய்க் கோப்பு யார் யாரை அழைக்கிறது? அம்புக்குறி போட்டுத் தாளில் வரையச் சொன்னால், வட்டத்தை மாணவரே கண்டுபிடிப்பார். “எனக்குக் கணினி வராது” என்று எழுந்து போக இருந்தவர், அடுத்த பிழையைத் தானே படிப்பார்.